ஏழாம் அறையின் செருப்புகள்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் இருபது நிமிடம் நின்றது.

செருப்பு அலமாரி எண்ணினேன். அளவு 5: பதினான்கு ஜோடி. அளவு 6: ஒன்பது. அளவு 9: பதினொன்று (ஆண்கள் அளவு, கேட்பாரில்லை). அட்டையில் இருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒன்று. ஸ்டோர்ஸுக்கு வந்த நாளிலிருந்து என் எண்ணிக்கை தப்பியதில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வேறு எதிலும் கிடையாது.

விஷயம் இதுதான். உற்பத்தி லைனுக்குள் போகிற எல்லாரும் கம்பெனி செருப்புதான் போடவேண்டும், மின்பொறி பிடிக்காத ரப்பர். ஒரு ஜோடி ஆறு மாதம் உழைக்கவேண்டும். பழசைக் கொடுத்தால்தான் புதுசு. ஹாஸ்டல் ஏழாம் அறைப் பெண்கள் பன்னிரண்டு பேரும் பத்து நாளில் இரண்டாம் முறை பழசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அடியில் ஓட்டை. என் விரல் நுழைகிறது.

தண்டபாணி சார் (ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், ஸ்ரீபெரும்புதூர்க்காரர்) ஒரு செருப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாமா, அந்தப் பொண்ணுங்க செருப்ப துன்னுதுங்களா? நீ போய் அந்த ரூம்லயே தங்கிக்கோ. நைட் ஷிஃப்ட் போட்டுத் தரேன். இன்னா நடக்குதுன்னு பாத்து எழுதிக் குடு. உன் கன்ஃபர்மேஷன் லெட்டருக்கு நான் கேரண்டி."

டிரெய்னிங் 30ஆம் தேதியோடு சரி. லெட்டர் வந்தால் பெர்மனென்ட். வராவிட்டால் தென்காசி பஸ், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றல். பெர்மனென்ட் ஆனவர்களுக்கு ஹாஸ்டல் கிடையாது. அதனால் என்ன, குன்றத்தூரில் ஒரு ரூம் பார்த்துக்கொள்ளலாம். ஜன்னல் வைத்த ரூம்.

சரி என்றேன்.

12, புதன்

ஏழாம் அறை. பன்னிரண்டு கட்டில், கதவோரம் எனக்குப் பதிமூன்றாவது. கொண்டுபோனவை: பக்கெட், மக், போர்வை, கம்பெனி செருப்பு, லைன் அங்கி ஒன்று, தொப்பி, மாஸ்க், இந்த நோட்டு.

அறையில் மூத்தவள் ஜெசிந்தா அக்கா, தூத்துக்குடிப் பக்கம். கடைசி பவித்ரா, சேலத்துப் பெண், எதைப் பார்த்தாலும் பயம். நடுவில் பத்துப் பேர், பெயர் இன்னும் மனதில் நிற்கவில்லை.

நைட் முடிந்து காலை 7.15க்கு பஸ் ஹாஸ்டல் வந்துவிடும். 7.45 உப்புமா. 8.30 திரை மூடல், விளக்கு அணைப்பு. வார்டன் வராந்தா கேட்டைப் பூட்டிவிடுவார், தூங்குகிறவர்களை யாரும் எழுப்பக்கூடாதாம். மாலை ஐந்துக்குத் திறப்பு.

படுக்கும்போது ஜெசிந்தா அக்கா ஒரு டம்ளர் சுக்குக் காபி நீட்டினாள்.

"குடிட்டி. புதுசா நைட்டு பாக்கவளுக்கு ஒறக்கம் வராது."

குடித்தேன். கண் திறந்தபோது மணி ஐந்து. இப்படித் தூங்கியதே இல்லை. மற்ற பன்னிரண்டு பேரும் கட்டிலில்தான். ஆனால் கட்டிலுக்கு அடியில் பன்னிரண்டு ஜோடிச் செருப்பும் ஈரம்.

13, வியாழன்

மழை. இன்று காபியை மாப் பக்கெட்டில் ஊற்றிவிட்டுக் குறட்டை விட்டேன். எனக்கு நன்றாக வருகிறது.

காலை ஒன்பது மணிக்கு ஜெசிந்தா அக்கா தன் கட்டிலின் காலை மூன்று முறை தட்டினாள். கட்டில் தானாக நகர்ந்தது. டைல்ஸ் நான்கு உள்ளே இறங்கிற்று. படிக்கட்டு.

வரிசையாக இறங்கினார்கள். நான் அங்கி, தொப்பி, மாஸ்க் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். இதை மாட்டினால் லைனில் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்தவை:
படிகள்: 84.
மரங்கள்: முதலில் வெள்ளி இலை, அடுத்து தங்க இலை, அதற்கடுத்து கண்ணாடி மாதிரி மின்னுவது (எந்தக் கல் என்று தெரியவில்லை).
ஏரி: 1. கரை கண்ணுக்கு எட்டவில்லை.
படகு: 13. படகோட்டி: 13. கடைசிப் படகு காலி.
ஏரி நடுவில் மண்டபம், விளக்கு நிறைய, எண்ண முடியவில்லை.

பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு படகு. நான் ஜெசிந்தா அக்கா படகின் பின்பக்கம் ஒடுங்கிக்கொண்டேன். மண்டபத்தில் பகல் மூன்று மணி வரை ஆட்டம். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று ஸ்பீக்கர் தேடினேன். இல்லை.

கம்பெனி செருப்பு எதற்கு என்பதும் தெரிந்துவிட்டது. பவித்ரா மறதியாக ஹவாய் செருப்போடு வந்துவிட்டாள். படகோடு நிறுத்திவிட்டார்கள். ஊர்ச் செருப்பு பட்டால் மண்டபத்தில் பொறி பறக்குமாம், விளக்கு எல்லாம் அணைந்துவிடுமாம். படகோட்டிகள் எல்லாரும் வெறுங்கால்.

இவர்கள் எப்போதுதான் தூங்குகிறார்கள்? பஸ்ஸில்.

14, வெள்ளி

மாப் பக்கெட்டில் வாய் வைத்த ஹாஸ்டல் பூனை நேற்றிலிருந்து எழவில்லை. மூச்சு இருக்கிறது.

சாருக்குச் சாட்சி வேண்டுமே என்று வெள்ளி மரத்தில் ஓர் இலை ஒடித்தேன். சடக்கென்று சத்தம்.

"அக்கா, பின்னாடி யாரோ வர்றாங்க" என்றாள் பவித்ரா.

"வெடி போட்டுருப்பானுவ. கல்யாணமா இருக்கும். வாட்டி."

இலையின் எடை ஸ்டோர்ஸ் தராசில் நான்கு கிராம்.

பிறகு ஒரு மடத்தனம் செய்தேன். ஸ்டோர்ஸுக்குள் ஒரு பொருள் வந்தால் என் கை சும்மா இருக்காது. இலைக்குச் சீட்டு கட்டினேன். அட்டை எழுதினேன். கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டேன்: இலை, வெள்ளி, 1. ஏற்றி முடித்த பிறகுதான் உறைத்தது. ஏற்றியதை அழிக்க முடியாது. யாராவது சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனால்தான் கழியும்.

17, திங்கள்

வெயில். மூன்று நாள் துணி இன்று காய்ந்தது.

கரையில் நின்று படகுகளை மறுபடி எண்ணிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் ஏறிப் போய்விட்டார்கள், நான் ஏறத் தவறிவிட்டேன். கடைசிப் படகில் இருந்தவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"அந்த மூத்த அக்கா படவு ரெண்டு நாளா நாலு வெரக்கட தாழுது. யாரும்மா நீ?"

மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டேன்.

"மாஸ்க் போட்டா ஆள் இல்லன்னு நெனப்பா? கனம் கீதே."

இதுவரை என்னைக் கண்டுபிடித்தவன் இவன் ஒருவன்தான். அதுவும் எண்ணிக் கண்டுபிடித்திருக்கிறான். அந்த முறை எனக்குப் பிடித்திருந்தது.

18, செவ்வாய்

பதிமூன்றாவது படகில் ஏறினேன். மாஸ்க்கைக் கழற்றவில்லை.

அவன் சொன்னது: அப்பா ராஜா. பதிமூன்று பிள்ளைகள், இவன் கடைசி. பெயர் கேட்டேன். கீழே பெயர் சொல்லும் வழக்கம் இல்லையாம்.

ஏரி எப்படிக் கீழே வந்தது என்று கேட்டேன்.

"மேல எடம் இல்லன்னாங்க. கீழ வந்துட்டோம். அவ்ளோதான்."

"படகு எத்தனை நாளாகக் காலி?"

"ஒரு தபா எண்ணிக்கினு இருந்தேன். பேஜாராயி வுட்டுட்டேன்."

எண்ணுவதை விட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பஸ்ஸில் தூக்கம் வரவில்லை.

19, புதன்

ஆடினேன். எனக்கு ஆடத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அவன் காலை ஐந்து முறை மிதித்தேன். அவன் ஏழு என்கிறான்.

மாஸ்க்கைக் கழற்றினேன். அவன் என் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தான். "இப்ப கணக்கு சரியா வந்துச்சு" என்றான்.

சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுதி வைக்கிறேன்.

20, வியாழன்

மாட்டிக்கொண்டேன். ஐந்து மணிக்கு எழுந்தால் ஜெசிந்தா அக்கா என் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் என் செருப்பு. ஓட்டைக்குள் அவள் விரல்.

"ஸ்டோர்ஸ்காரி. ஒளவு பாக்கவா வந்த?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

"என்ன எழுதிக் குடுக்கப் போற?"

"தெரியலைக்கா."

"எழுதுனா என்னாகும்னு தெரியுமா? சிமென்ட்ட ஊத்தி அடச்சிருவானுவ. எங்களப் பிரிச்சு ஆளுக்கொரு ரூம்ல போடுவானுவ."

பவித்ரா அழ ஆரம்பித்துவிட்டாள். நான் வேண்டாத கேள்வி ஒன்று கேட்டேன். எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு எப்படிக்கா ஆட முடிகிறது?

"நிக்கதுக்குத்தாம்ட்டி கால் வலிக்கும்."

செருப்பை என் மடியில் போட்டுவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். காலையில் எனக்குச் சுக்குக் காபி தராதது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

21, வெள்ளி

வானம் மூட்டம். நைட் முடிந்ததும் என்னை நிறுத்திவைத்து ஸ்டாக் சரிபார்ப்பு. சார் பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்தார். கையுறை, டேப், தொப்பி, இ... விரல் நின்றுவிட்டது.

"இன்னாமா இது? இலை, வெள்ளி, ஒண்ணு?"

"தெரியாமல் ஏற்றிட்டேன் சார்."

"தெரியாம நீ ஏத்துவியா? உன்ன எனக்குத் தெரியாதா? அந்த ரூமுக்கும் இதுக்கும் சம்பந்தம் கீது. திங்கக்கெழம எனக்கு ரிப்போர்ட் வேணும். இல்லன்னா லெட்டர மறந்துடு."

பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் ஹாஸ்டல். கீழே போகவில்லை. அம்மா போன் செய்தாள். லெட்டர் வந்துவிடும்தானே என்று கேட்டாள். வந்துவிடும் என்றேன். அவள் பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம்.

வேலை எனக்கு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் படிக்கட்டை அடைக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுத வழி தெரியவில்லை.

23, ஞாயிறு

லீவு. தலைக்குக் குளித்தேன். பூனை எழுந்துவிட்டது, முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது.

யோசித்துக்கொண்டே இருந்தேன். சார் தினமும் டீ நேரத்தில் நாற்பது சீட்டுக்குக் கையெழுத்துப் போடுவார். பாதி வடை வாயில் இருக்கும். ஒன்றையும் படிக்கமாட்டார்.

24, திங்கள்

இன்று ஜெனரல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டேன். பதினொன்றுக்கு டீ வந்தது. கையுறைச் சீட்டுக்கும் டேப் சீட்டுக்கும் நடுவில் என் சீட்டையும் வைத்தேன்:

பொருள்: இலை, வெள்ளி. எண்ணிக்கை: 1. பெற்றுக்கொண்டவர்: தண்டபாணி.

போட்டார். பிறகு இலையைக் கவரில் போட்டு அவர் மேசை டிராயரில் வைத்தேன். பெற்றுக்கொண்டவரிடம் பொருள் போய்ச்சேர வேண்டுமே. கம்ப்யூட்டரில் இலை: 0.

மூன்று மணிக்கு ரிப்போர்ட் கொடுத்தேன். கம்பெனி முறைப்படி ஐந்து ஏன் (ஒரு பிசகுக்கு ஐந்து முறை ஏன் என்று கேட்டு மூலகாரணம் எழுதுவது).

ஏன் தேய்ந்தது? கால் அசைவு அதிகம்.
ஏன் அதிகம்? பெண்கள் நின்றே வேலை செய்கிறார்கள், கால் ஓய்வு கேட்கிறது.
ஏன் ஓய்வு போதவில்லை? லைனில் உட்கார முடியாது.
ஏன் ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி? பழைய விதி, யாரும் மாற்றவில்லை.
ஏன் மாற்றவில்லை? யாரும் கேட்கவில்லை.
பரிந்துரை: மாதக் கணக்கு வேண்டாம், தேய்ந்த பழசைக் கொடுத்தால் அன்றே புதுசு.

ஐந்திலும் ஒரு பொய் இல்லை. எல்லாவற்றையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"அந்த இலை இன்னாச்சு?" என்றார்.

சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"நானா வாங்கினேன்?"

"கையெழுத்து உங்களுதுதான் சார். பொருள் டிராயர்ல இருக்கு."

டிராயரைத் திறந்தார். கவரைப் பிரித்தார். இலையை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முகம் எப்போதும் போல் இல்லை, கொஞ்சம் வயசு குறைந்த மாதிரி இருந்தது.

"சின்ன வயசுல இந்தப் பக்கம் ஏரில மீன் புடிக்கச் சொல்லோ ஒருத்தன் கீழ எறங்கிப் போனான்னு சொல்லுவாங்கோ. சும்மா கப்சான்னு நெனச்சேன்."

பிறகு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை படித்துவிட்டுப் போட்டார்.

26, புதன்

ஏழாம் அறைக்குப் புதுச் செருப்பு பன்னிரண்டு ஜோடி. எனக்கும் ஒன்று தேவை, ஆனால் கேட்கவில்லை. ஜெசிந்தா அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். வலித்தது.

"ஒனக்கு ஒறவு ஒண்ணு கீழ கெடக்குல்லா. அத என்ன செய்யப் போற?"

அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன்.

27, வியாழன்

லெட்டர் வந்துவிட்டது. பெயரில் எழுத்துப் பிழை இல்லை. டிசம்பர் ஒன்று முதல் பெர்மனென்ட், ஜெனரல் ஷிஃப்ட், ஸ்டோர்ஸ் ஜன்னல். 29ஆம் தேதிக்குள் ஹாஸ்டலைக் காலி செய்யவேண்டும்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அழுதாள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு.

ஜெசிந்தா அக்காவிடம் ஒன்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறையில் கட்டில் இருப்பவளுக்குத்தான் படி திறக்கும். போன வருடம் கல்யாணமாகிப் போன ஒருத்தி திரும்பி வந்து தட்டித் தட்டிப் பார்த்தாளாம். டைல்ஸ் டைல்ஸாகவே இருந்ததாம்.

28, வெள்ளி

கடைசி நாள். 84 படி.

படகில் ஏறியதும் சொல்லிவிட்டேன். அவன் துடுப்புப் போடுவதை நிறுத்திவிட்டான். படகு அது பாட்டுக்கு மிதந்தது.

"வேல வேணாம்னு சொல்லேன்."

"சொல்லமாட்டேன்."

"தெரியும். சும்மா கேட்டுப் பாத்தேன்." துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "மேல வர வழி எனக்குத் தெரியும். உங்க கம்பெனிக்குப் பின்னாடி மழத்தண்ணி கால்வா கீதே, அதாண்ட வந்து ஏறலாம். ஆனா கீழ பொறந்தவங்க வெறுங்காலோட வந்தா கடசிப் படி தாண்ட வுடாது. கீழ யாராண்ட செருப்பு கீது?"

நான் ஸ்டோர்ஸ் ஜன்னலில் பத்திலிருந்து நாலு வரை இருப்பேன் என்றேன். பழசு கொடுத்தால் புதுசு தருவோம், பழசு இல்லாமல் யாருக்கும் தருவதில்லை, அது விதி என்றும் சொன்னேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

ஆடவில்லை. மண்டபத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். அவன் தோளில் சாய்ந்திருந்தேன். மூன்று மணி ஆகிவிட்டது. எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்று சொன்னேன். அவனும் சொன்னான். இருவரும் ஒரே தடவைதான் சொன்னோம்.

மேலே வந்து பார்த்தால் அங்கியும் மாஸ்க்கும் செருப்பும் படகிலேயே இருந்துவிட்டன. மறதி.

29, சனி

காலி செய்தேன். திருப்பிக் கொடுத்தவை: பூட்டு, பாய். குறைவு: அங்கி 1, மாஸ்க் 1, செருப்பு ஒரு ஜோடி, அளவு 5. காணாமல் போனதாக எழுதிக் கொடுத்தேன். சார் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ தொலச்சியா?"

"ஆமா சார்."

"சரி" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பவித்ரா பஸ் வரை பையைத் தூக்கிவந்தாள்.

30, ஞாயிறு

குன்றத்தூர். ரூமில் ஜன்னல் இருக்கிறது, மலைக்கோயில் கோபுரம் தெரிகிறது. ஒரு கட்டில். அதன் காலை மூன்று முறை தட்டிப் பார்த்தேன். சும்மாதான்.

டிசம்பர் 1, திங்கள்

பலத்த மழை. பஸ் லேட். நாள் முழுக்க ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். கையுறை 60, டேப் 14, செருப்பு 3. யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் வேறு ஆட்கள் என்று சொல்ல வருகிறேன்.

2, செவ்வாய்

மழை. செருப்பு 5. யாரும் வரவில்லை. மதியம் சாப்பிடவில்லை.

3, புதன்

மழை விட்டது. அலமாரி எண்ணினேன். அளவு 9: பதினொன்று.

பதினொன்றரைக்கு ஜன்னலில் ஓர் ஆள். லைன் அங்கியும் மாஸ்க்கும் போட்டிருக்கிறான், தொப்பி மட்டும் இல்லை. அங்கி மிகச் சின்னது, கை முழங்கையோடு நிற்கிறது. நுனிக்காலில் நிற்கிறான், செருப்புக்கு வெளியே அரைக் கால். தலையெல்லாம் ஈரம். பின்னால் இருந்த வரிசையில் ஒருத்தர்கூட அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செருப்பைக் கழற்றி ஜன்னல் பலகையில் வைத்தான். அளவு 5. வார்க்குள் மார்க்கரில் என் கையெழுத்து.

"இது உங்க அளவு இல்லையே" என்றேன்.

"பழசு குடுத்தா புச்சுன்னு தான சொன்ன. யாரோட பழசுன்னு சொல்லல."

சீட்டை நீட்டினேன். பெயர் எழுதும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுதினான். இப்போது எனக்கு அவன் பெயர் தெரியும். இந்த நோட்டில் எழுதப்போவதில்லை.

பழசை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். இன்றைக்கு இதையே போட்டுக்கொண்டு போங்கள், ஒன்பது ஸ்டாக் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றேன்.